சுகாதார நிலையம் பொது, கணக்கு நோட்டு மட்டும் ஊருக்கா?

போன மாதம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். எழுதினால் நாளைக்கு அங்கே நடமாட வேண்டியவர்களுக்குத்தான் தொல்லை. அந்த ஊராட்சியின் கிராம சுகாதாரக் குழு உறுப்பினர் பட்டியல் கையில் கிடைத்தது. அதில் காலனியைச் சேர்ந்த ஓர் அக்காவின் பெயர் இருந்தது. வீட்டுக்கே போய்க் கேட்டேன்: "அக்கா, நீங்க சுகாதாரக் குழு உறுப்பினரா?"

சிரித்துவிட்டார். "நானா? எந்தக் குழு தம்பி? வருஷத்துக்கு ஒரு தடவ நோட்டுல கையெழுத்து வாங்கிட்டுப் போவாங்க. நூறு நாள் வேலைக்குன்னு நெனச்சேன்."

பட்டியலின்படி அவர் நான்கு வருடமாக உறுப்பினர். அவர் வீட்டுக்குப் பின்னால் சாக்கடை போக வழியில்லாமல் பச்சை பிடித்து நிற்கிறது. அந்த மாதிரி இடத்தைச் சரிசெய்யத்தான் அந்தக் குழுவுக்குப் பணம் வருகிறது. பணம் செலவானதற்கான கையெழுத்தும் அவருடையதுதான்!

இதைப் பேச ஆரம்பித்தாலே ஒரு பதில் தயாராக வரும். "சுகாதாரத்தில் ஏன் சாதியைக் கொண்டு வர்றீங்க? ஊசி சாதி பார்த்தா குத்துது?" நம்மோடு கல்லூரியில் படித்த நண்பர்களே கேட்பார்கள்.

ஊசி சாதி பார்க்காது. ஆனால் கொசு மருந்துப் புகை எந்தத் தெருவோடு திரும்பிப் போக வேண்டும், எந்தத் தொட்டியை முதலில் கழுவ வேண்டும், துணை சுகாதார நிலையத்தை ஊர்ப் பக்கம் கட்டுவதா காலனிப் பக்கம் கட்டுவதா என்பதை ஊசி முடிவு செய்வதில்லை. ஆட்கள் முடிவு செய்கிறார்கள். அந்த ஆட்கள் உட்கார்ந்து பேசும் இடத்தில் நாம் இருக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

தமிழ்நாட்டின் பொது சுகாதாரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி இங்கே 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கக் காசில்லாத நம் பெண்கள் உயிரோடு பிள்ளை பெற்று வீடு திரும்புவது ஆரம்ப சுகாதார நிலையத்தால்தான். அதை யாரும் தனியாருக்குத் தாரை வார்க்க நினைத்தால் முதலில் குறுக்கே நிற்க வேண்டியவர்கள் நாம். அதனால்தான் அதன் நிர்வாகமும் நம்முடையதாக வேண்டும் என்கிறேன். பயனாளியாக மட்டும் இருந்தது போதும்.

இப்போது பணம் வரும் வழியைப் பாருங்கள். தேசிய சுகாதாரத் திட்டத்தின் செலவில் ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்பது பங்கு. அது மாநில சுகாதாரச் சங்கத்துக்கு வந்து, அங்கிருந்து மாவட்ட சுகாதாரச் சங்கத்துக்கு இறங்கி, வட்டாரம் தாண்டி, கடைசியாக நம் ஊர் நிலையத்துக்கு வருகிறது. மாவட்டச் சங்கத்துக்குத் தலைவர் ஆட்சியர்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. சுகாதாரத் துறையின் மாவட்டமும் வருவாய் மாவட்டமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. புதுக்கோட்டைக்குள் அறந்தாங்கி, விருதுநகருக்குள் சிவகாசி, ராமநாதபுரத்துக்குள் பரமக்குடி எனத் தனித்தனி சுகாதார மாவட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாவட்ட சுகாதார அலுவலர். நிர்வாக வசதிக்காகச் செய்தது, சரி. ஆனால் பல ஒன்றியங்களும் நூற்றுக்கணக்கான கிராமங்களும் பங்கிட்டுக்கொள்ளும் அந்தச் சுகாதார மாவட்டத்துக்கு நிகராக மக்கள் தேர்ந்தெடுத்த சபை எது? ஒன்றும் இல்லை. அங்கே மருத்துவர் பணியிடம் காலியாக இருந்தால் நாம் மனு கொடுக்கலாம். யாரையும் கூப்பிட்டுக் கணக்குக் கேட்க முடியாது.

1992இன் 73ஆவது திருத்தம் அரசமைப்பில் பதினோராவது அட்டவணையைச் சேர்த்தது. உள்ளாட்சிக்குக் கொடுக்கலாம் என்று அதில் சொன்ன 29 பொருள்களில் மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உண்டு. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்றே 70,051 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதில் ஊரகப் பங்கு 43,928 கோடி. உங்கள் ஊராட்சியில் அந்தப் பணத்தைப் பற்றி ஒரு கிராம சபையிலாவது பேசினார்களா? நான் வேலை செய்யும் பகுதியில் எங்கே கேட்டாலும், "அதெல்லாம் மேலருந்து வர்றது சார்" என்பதுதான் பதில்.

கீழே வந்து சேரும் தொகையையும் பார்ப்போம். கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 2005இல் திட்டம் தொடங்கிய காலத்தில் சொன்னதும் அதுதான், 2013 வழிகாட்டுதலில் இருந்ததும் அதுதான். ஒரு நாளைக்கு 27 ரூபாய். ஒரு டீயும் ஒரு வடையும்! ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தொடக்க ஆண்டுகளின் விதிப்படி பராமரிப்பு, நோயாளர் நலச் சங்கம், இதர செலவு எல்லாம் சேர்த்து 1,75,000. சமவெளியில் ஒரு நிலையம் 30,000 பேருக்கு என்பது கணக்கு. ஆளுக்கு ஆண்டுக்கு ஆறு ரூபாய் கூட வரவில்லை. சம்பளமும் மருந்தும் வேறு வழியில் வருகின்றன, உண்மைதான். ஆனால் உள்ளூர் மக்கள் கூடிப் பேசி முடிவு செய்யலாம் என்று விட்ட பணம் இவ்வளவுதான்.

"இந்தச் சில்லறைக்கா இவ்வளவு சண்டை?" என்று கேட்கலாம். ஆமாம். பணம் குறையக் குறைய, அது முதலில் யார் தெருவுக்குப் போகிறது என்பது முக்கியமாகிறது. 10,000 ரூபாயில் ஒரு தெருவின் சாக்கடையைத்தான் தூர்வார முடியும் என்றால், அது எந்தத் தெரு? பிளீச்சிங் பவுடரைச் சுமந்து போய்க் கொட்டும் கை பெரும்பாலும் நம் கை. எங்கே கொட்டுவது என்று சொல்லும் வாய் இன்னும் நம் வாயாகவில்லை.

குழு வழிகாட்டுதல் தெளிவாகத்தான் இருக்கிறது. குறைந்தது 15 பேர், பாதிப் பேர் பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு உரிய இடம். தமிழ்நாட்டில் வங்கிக் கணக்கு ஊராட்சித் தலைவர், கிராம சுகாதார செவிலியர் இருவர் பெயரிலும். காகிதத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் தலைவர் யார்? தனி ஊராட்சியில் நம் ஆள் தலைவராக வந்தாலும், 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரைத் தரையில் உட்கார வைத்ததைப் பார்த்தோம். தரையில் உட்கார வைக்கப்பட்ட தலைவரால் காசோலையில் சொந்தமாகக் கையெழுத்துப் போட முடியுமா? அந்தத் தலைவரும் எப்போதும் இருப்பதில்லை. 2016 முதல் 2019 வரை ஊரகத் தேர்தலே நடக்கவில்லை. 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது, தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் நம் இட ஒதுக்கீடும் சேர்ந்து தள்ளிப்போகிறது. இதை ஏன் நாம் சுகாதாரப் பிரச்சினையாகப் பேசுவதில்லை?

2022 டிசம்பரில் வேங்கைவயல் குழந்தைகளுக்கு உடம்பு முடியாமல் போனபோது, நோய் தெரிந்தது ஆஸ்பத்திரியில். காரணம் இருந்தது குடிநீர்த் தொட்டியில். அந்தக் குற்றத்தைப் பற்றியும் விசாரணை போன விதத்தைப் பற்றியும் தனியாக எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும் சொல்கிறேன். தொட்டியை யார் பார்க்கிறார்கள், யார் பூட்டுகிறார்கள், யார் சோதிக்கிறார்கள் என்பது மருத்துவக் கேள்வி, அதே நேரம் அதிகாரக் கேள்வி.

அடுத்து துணைத்திட்டம். 2011 கணக்கெடுப்பில் இந்த மாநிலத்தில் நாம் 20 சதவீதம். அந்த அளவுக்குத் திட்ட நிதியில் பங்கு என்பது விதி. பல ஆண்டுகளாகத் துறைகள் செய்யும் வித்தை என்ன? எல்லோருக்கும் பொதுவான செலவில் ஒரு பங்கை எடுத்து, "இது பட்டியல் சாதியினருக்கு" என்று ஏட்டில் எழுதிக்கொள்வது. பொது என்று சொல்லித் தனியாகத் தர மறுப்பார்கள். தனி என்று காட்டிப் பொதுவிலிருந்தே கழித்துக்கொள்வார்கள். 2024இல் சட்டமன்றம் இந்த நிதிக்கெனத் தனிச் சட்டம் கொண்டு வந்தது. சட்டம் வந்ததைக் கொண்டாடிய நாம், நம் வட்டார நிலையத்தில் அந்தப் பணம் எதுவாக மாறியது என்று போய்ப் பார்த்தோமா?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பெரிய மாநாடு எதுவும் வேண்டாம். உங்கள் ஊராட்சியின் சுகாதாரக் குழு உறுப்பினர் பட்டியல், கூட்டத் தீர்மான நோட்டு, மூன்று வருட வரவு செலவு, நோயாளர் நலச் சங்கக் கணக்கு. இந்த நான்கையும் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். பட்டியலில் இருக்கும் நம் ஆட்களை வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். "கூட்டத்துக்குப் போனீங்களா?" என்று கேளுங்கள். வருடத்துக்கு ஆறு கிராம சபை. அதில் ஒன்றிலாவது அந்தக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். செவிலியரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஐயாயிரம் பேரைத் தனியாகச் சுமக்கும் பெண் அவர், பல இடங்களில் மிரட்டலுக்கு நடுவில்தான் கையெழுத்துப் போடுகிறார். அவருக்குத் துணையாகப் போங்கள்.

தீர்மானம் மட்டும் போதாது என்பது நமக்குப் பழைய பாடம். பொதுக் கிணறும் பாதையும் எல்லோருக்கும் உரியவை என்று ரெட்டமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டு வந்தது 1924இல். அதே ஆண்டு மகத் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாக எழுதி வைத்தது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்து போய்க் குனிந்து குடித்த பிறகுதான் அந்தத் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. அதற்கும் அடி வாங்கினார்கள்.

கிளம்பும்போது அந்த அக்கா வாசல் வரை வந்தார். "தம்பி, நான் கையெழுத்துப் போட்ட அந்த நோட்ட ஒரு தடவ நான் பாக்கலாமா?"

பார்க்கலாம் அக்கா. அடுத்த கிராம சபைக்கு நாம் சேர்ந்தே போகிறோம்.

ஜெய் பீம்.