பக்கம் போச்சு... நோட்டு இருந்தால் தப்பித்திருப்பேன்!



நான் தூத்துக்குடியைச் சேர்ந்த இல்லத்தரசி. கணவருக்கு, துறைமுகத்துக்கு வந்து போகும் லாரிகளோடு மல்லுக்கட்டும் வேலை. 2020 ஊரடங்கில் அவருக்கு சம்பளம் பாதியானபோது, வீட்டிலேயே நெத்திலிக் கருவாடு, கருவாட்டுத் தொக்கு, இறால் பொடி போட்டு விற்க ஆரம்பித்தேன். 'பேஸ்புக்குல ஒரு பக்கம் ஆரம்பிச்சா போதும், உட்கார்ந்த இடத்துல சம்பாதிக்கலாம்' என்று இப்போது யாரைப் பார்த்தாலும் சொல்கிறார்கள். மகளிர் குழுக் கூட்டத்திலும் இதே பேச்சுத் தான். பொய்யில்லை, ஆனால், பாதி உண்மை. மீதிப் பாதியை, சூடு பட்டவள் நான் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லி விடுகிறேன். என் மாமியார் அந்தக் காலத்தில் ஓலைப்பெட்டியில் கருவாட்டைச் சுமந்து, ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் தெருத்தெருவாக விற்றவர். மிச்சத்தை வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளி விட்டு வர வேண்டும். நானோ, மொட்டை மாடியில் காயும் நெத்திலியை ஒரு படம் எடுத்துப் போட்டால், சாயங்காலத்துக்குள் ஆவடியிலிருந்தும், கோவையிலிருந்தும் கேட்டு வருகிறார்கள். அதிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது; நாட்டுப்படகு மீன் மட்டும் தான். மீன் விலை ஏறும். கருவாட்டுக்கு கிராக்கி வரும். 'தடைக்காலம் வருது, இப்பவே சொல்லி வச்சுக்கோங்க' என்று மார்ச் மாதமே ஒரு வரி எழுதி விடுவேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டி மீட்டர் மழை கொட்டிய போது, எங்கள் தெருவில் நின்ற தண்ணீரை படம் எடுத்துப் போட்டேன். 'பார்சல் மெதுவா வரட்டும்க்கா, நீங்க பத்திரமா இருங்க' என்று முகம் தெரியாதவர்கள் எல்லாம் எழுதினர். ஓலைப்பெட்டி வியாபாரத்தில் இது கிடைக்காது தானே!

அடுத்தது தான் கசப்பு.

போன வருடம் ஒரு நாள், 'உங்கள் பக்கம் விதிமுறையை மீறியுள்ளது. 24 மணி நேரத்தில் முடக்கப்படும்' என்று ஒரு தகவல் வந்தது. பதறிப் போய், அதில் இருந்த இணைப்பைத் தொட்டு, கேட்டதையெல்லாம் கொடுத்தேன். போனுக்கு வந்த ரகசிய எண்ணையும் சேர்த்துத் தான்! அரை மணி நேரத்தில் பக்கம் என் கையை விட்டுப் போயிற்று. பெயர், படம் எல்லாம் மாற்றி, யாரோ எதையோ விற்கிறான். நாலு வருட உழைப்பு. அதை விட, 11 பேர் முன்பணம் கட்டியிருந்தனர். மொத்தம் 4,600 ரூபாய். யார் யார், எந்த ஊர், எவ்வளவு கேட்டனர்... எல்லா விவரமும் அந்தப் பக்கத்துக்கு வந்த தகவல்களில் தான் இருந்தது. நான் தனியாக ஒரு துண்டுச் சீட்டில் கூட எழுதி வைக்கவில்லை.

அழுது கொண்டிருந்த என்னைப் பார்த்து மாமியார் கேட்டார்: 'ஏளா, அடுத்தவன் வீட்டுத் திண்ணையில கடையப் போட்டுட்டு, கணக்கு நோட்டையும் அவங்கிட்டயே குடுத்தா வச்சிருந்த?'

படிக்காத மனுஷி கேட்ட இந்தக் கேள்வி தான் விஷயத்தின் உயிர்நாடி. அந்தத் திண்ணை நம்முடையது அல்ல. திண்ணைக்காரர் எப்போது வேண்டுமானாலும் வழக்கத்தை மாற்றலாம். 2018 ஜனவரியில் பேஸ்புக் அப்படித் தான் மாற்றியது. சொந்தபந்தம், நண்பர்கள் போடுவதற்கு முதலிடம், கடைக்காரர்களின் பக்கத்துக்கு அதற்கு அப்புறம் தான் என்று அறிவித்தது. நம் பக்கத்தை ஆயிரம் பேர் பின்தொடர்ந்தாலும், நாம் போடும் படம் அத்தனை பேருக்கும் போய்ச் சேராது. 'காசு கட்டு, காட்டுகிறேன்' என்பது தான் கணக்கு. வெள்ளைக்காரன் காலத்து முத்துக்குளிப்பில், மூச்சடக்கி மூழ்கியவருக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பி, மீதி சர்க்காருக்கு என்று இருந்ததாம். கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்து விட்டது. அந்தப் பங்கு பிரிப்பு மட்டும் வேறு வேஷத்தில் திரும்பி வந்து விட்டதோ என்று தோன்றுகிறது.

திண்ணையே இல்லாமல் போவதும் உண்டு. 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்த போது, டிக் டாக்கும் போயிற்று. அதை நம்பி சேலை விற்றவர்கள், சமையல் செய்து காட்டியவர்கள் எல்லாம் ஒரே நாளில் கூட்டத்தை இழந்தனர். எங்கள் மாவட்டத்து உடன்குடி ஜி.பி.முத்து டிக் டாக்கில் பேர் வாங்கியவர். தடைக்குப் பின் யூ டியூபுக்குப் போய், தமக்கு வந்த கடிதங்களைப் படித்துக் காட்டியே மறுபடி எழுந்து விட்டார். (கடிதத்துக்கு இன்னும் மவுசு இருக்கிறது பாருங்கள்!) அவரை ஜனங்கள் தேடிப் போயினர். என்னைப் போல அரை கிலோ, கால் கிலோ விற்பவளை யார் தேடுவார்?

'ஒன்று போனால் இன்னொன்று' என்றும் தைரியமாக இருக்க முடியாது. 2021 அக்டோபர் 4-ம் தேதி இரவு பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ் அப் மூன்றும் ஒன்றாகப் படுத்து, ஏறக்குறைய ஆறு மணி நேரம் எழவில்லை. மூன்றுக்கும் முதலாளி ஒருவர் தானே!

சரி, என் கதைக்கு வருகிறேன். பணம் போனில் வந்ததால், அந்தக் கணக்கில் இருந்த பெயர்களை வைத்து, மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பிடித்தேன். ஒன்பது பேருக்கு சரக்கு அனுப்பினேன். ஒருவர் திட்டி விட்டு, பணத்தைத் திரும்ப வாங்கிக் கொண்டார். அவர் மேல் தப்பில்லை. ஒருவரை இன்று வரை கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த 350 ரூபாயை நோட்டில் கடனாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஆம், இப்போது நோட்டு இருக்கிறது! பெயர், ஊர், போன் நம்பர், என்ன வாங்கினார், காரம் கூடவா, குறைவா... எல்லாம் அதில். 200 பேர் சேர்ந்து விட்டனர். புதுப் பக்கமும் ஆரம்பித்திருக்கிறேன். அது ஆளைக் கூப்பிடும் போர்டு மட்டும் தான். வியாபாரத்துக்கு தனி நம்பர் வைத்து, அதில் வாட்ஸ் அப் பிசினஸ் போட்டுக் கொண்டேன். ராத்திரி 11 மணிக்கு 'ஹாய்' அனுப்பும் தொல்லை சொந்த நம்பருக்கு வருவதில்லை. ரகசிய எண்ணோடு இன்னொரு பூட்டும் போட்டு வைத்திருக்கிறேன்; மகள் தான் செய்து கொடுத்தாள்.

இன்னும் இரண்டு. 'பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்யுங்கள்' என்று யாராவது சொன்னால் போனை வைத்து விடுங்கள். பணம் வாங்க நாம் ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. ஏமாந்து விட்டால் உடனே 1930-க்குப் பேசுங்கள். நான் வெட்கப்பட்டு இரண்டு நாள் கழித்துத் தான் பேசினேன். அப்புறம், வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த 14 இலக்க எண்ணை பாக்கெட்டில் போடுங்கள். நான் எடுத்தபோது சிறு வியாபாரிக்கு வருடத்துக்கு 100 ரூபாய் தான் கட்டணம். பக்கம் போனாலும் அந்த எண் நம்முடையது.

ஊர்ப் பெயரும் அப்படித் தான். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்ததால், அந்தப் பெயரைக் காப்பாற்ற சட்டம் துணைக்கு நிற்கிறது. தூத்துக்குடி கருவாடு என்று சொல்லி, எந்த ஊர்ச் சரக்கையும் யாரும் விற்கலாம். மணல் இல்லாமல், வலையில் காய வைத்ததா என்று வாங்குகிறவர்கள் தான் கேட்க வேண்டும்.

தோழிகளே, எனக்கும் ஒரு உதவி வேண்டும். கருவாட்டு வாடைக்கு கூரியர்காரர்கள் முகம் சுளித்து, சில சமயம் பார்சலைத் திருப்பி விடுகின்றனர். இரண்டு பிளாஸ்டிக் உறை, மேலே அட்டைப் பெட்டி வரை போட்டுப் பார்த்து விட்டேன். வாடை வெளியே வராமல் கட்டும் வழி தெரிந்தவர்கள், இதே பகுதிக்கு எழுதுங்களேன்!

— ஒரு வாசகி, தூத்துக்குடி.