துபாஷி தலையில் விழுந்த பழி

படித்த பெரியவர் ஒருவர் இலக்கியக் கூட்டமொன்றில் மொழிபெயர்ப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். மொழிபெயர்ப்பாளனின் அரைகுறை அறிவால் உலகமே அழியப் பார்த்தது என்பதற்கு அவர் காட்டிய உதாரணம், குருஷ்சேவ் அமெரிக்கர்களைப் பார்த்து, "உங்களைப் புதைத்துவிடுவோம்" என்று சொன்னதாக வழங்கும் வாக்கியம். "குருஷ்சேவ் பாவம், சாதுவாக ஏதோ சொன்னார், துபாஷிக்கு இங்கிலீஷ் போதவில்லை" என்றார் பெரியவர். சபை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கதையைப் பல கட்டுரைகளில் படித்துப் படித்து அலுத்துப் போனவன் நான். இதில் அந்தத் துபாஷிக்கு ஓர் அநியாயம் நடந்திருக்கிறது என்பது என் கட்சி.

நடந்ததைப் பார்ப்போம். 1956 நவம்பர் 18. மாஸ்கோவில் போலந்துத் தூதரகத்தில் விருந்து. ஹங்கேரியின் புரட்சியை நசுக்க ருஷ்ய டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் புகுந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. சூயஸ் விவகாரமும் சூடு ஆறவில்லை. மேல்நாட்டுத் தூதர்களை வைத்துக்கொண்டே குருஷ்சேவ் அவர்கள் நாடுகளைத் தாக்கிப் பேசினார். நேட்டோ நாட்டுத் தூதர்களும் இஸ்ரேல் தூதரும் எழுந்து வெளியே போனார்கள். உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சரித்திரம் எங்கள் பக்கம் என்று சொல்லி, அதை ஒட்டி அவர் போட்ட வெடிதான் "மி வாஸ் பகரோனிம்." துபாஷி விக்டர் சுஹோத்ரெவ் அதை, "வீ வில் பெரி யூ" என்றார்.

இவருக்கா இங்கிலீஷ் போதாது? பிள்ளைப் பிராயத்தில் லண்டனில் வளர்ந்தவர் அவர். அன்று 24 வயது நிரம்பாத இளைஞர். பிற்காலத்தில் ருஷ்யத் தலைவர்கள் பலருக்கும் நாக்காக இருந்தவர். அவர் சொன்னதில் சொல்லுக்குச் சொல் பிழை கிடையாது.

பிறகு வம்பு எங்கே வந்தது? ருஷ்ய மொழி அறிந்தவர்களைக் கேட்டேன். ஒரு கிழவி, "மூன்று புருஷர்களைப் புதைத்தவள் நான்" என்றால், மூவர் செத்த பிறகும் உயிரோடிருக்கிறாள் என்றுதான் அங்கே அர்த்தமாம். வேடிக்கை என்னவென்றால் இங்கிலீஷிலும் அப்படித்தான். "ஷீ ஹாஸ் பெரீட் த்ரீ ஹஸ்பண்ட்ஸ்" என்றால் யாரும் போலீசைக் கூப்பிடுவதில்லை. ஆனால் நடந்து முடிந்ததை விட்டு, இனி நடக்கப்போவதாக எதிராளியின் முகத்துக்கு நேரே சொன்னால், இங்கிலீஷ்காரன் காதில் அது கொலை மிரட்டலாக விழுந்துவிடுகிறது. அதே சொல்தான், காலமும் இடமும் மாறியதும் குணம் மாறிவிட்டது.

நம் வீட்டுப் பாட்டி கோபத்தில், "உனக்குப் பால் ஊற்றிவிட்டுத்தான்டா நான் போவேன்" என்கிறாள். இதை அப்படியே இங்கிலீஷில் சொன்னால், கேட்கிற துரை "தாங்க் யூ" என்பான். இந்த மாதிரி அர்த்தமே பிடிபடாத சொல்லால் ஆபத்து இல்லை. குருஷ்சேவ் 1959-ல் நிக்ஸனிடம், "குஸ்காவின் தாயாரைக் காட்டுகிறோம்" என்றார். "சரியான பாடம் கற்பிக்கிறோம்" என்பதை ருஷ்யர்கள் அப்படிச் சொல்வார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தபோது அமெரிக்கர்கள் விழித்தார்கள், அவ்வளவுதான். புரிந்துவிட்டதாக நினைக்க வைக்கிற சொல்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

சரி, பரிகாரம்? "வீ ஷால் அவுட்லிவ் யூ" என்று போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள் பண்டிதர்கள். 'உங்களைவிட அதிக நாள் இருப்போம்.' நல்ல, இயல்பான இங்கிலீஷ். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு பேசுகிற இங்கிலீஷ்! புடாபெஸ்டின் ரத்தம் காயாத சமயத்தில், எதிரிக்குச் சுருக்கென்று தைக்க வேண்டும் என்றே பேசிய மனுஷனுக்கு இந்தப் பட்டுச் சட்டை எதற்கு? முதலாளித்துவம் தனக்குக் குழி வெட்டுகிறவர்களைத் தானே உண்டாக்குகிறது என்று 1848-லேயே மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதி வைத்தார்கள். அந்தக் குழியும் மண்ணும் குருஷ்சேவின் சொல்லில் இருக்கின்றன. 1963-ல் யூகோஸ்லாவியாவில் அவரே சமாதானம் சொன்னார்: மண்வெட்டியால் நாங்கள் புதைக்க மாட்டோம், உங்கள் தொழிலாளர்களே உங்களைப் புதைப்பார்கள் என்று. கவனியுங்கள், மண்வெட்டியைத்தான் கீழே போட்டார். 'புதை' என்ற சொல்லை அவர் விடவில்லை. அவரே விடாததைத் துபாஷி விட்டிருக்க வேண்டுமா?

என்னைக் கேட்டால், "வீ ஷால் லிவ் டு ஸீ யூ பெரீட்" என்பேன். 'உங்களைப் புதைப்பதைப் பார்க்க நாங்கள் இருப்போம்.' இங்கிலீஷும் இயல்பு. குழியும் இருக்கிறது, கொழுப்பும் இருக்கிறது, கொலை மட்டும் இல்லை. ஆனால் இது எனக்கு எப்படிக் கிடைத்தது? மேஜை முன் உட்கார்ந்து, காப்பி குடித்து, இரண்டு நாள் யோசித்ததில் கிடைத்தது. சுஹோத்ரெவுக்குக் கிடைத்தது ஒரு மூச்சு விடுகிற நேரம்.

உண்மைக் குற்றவாளி வேறு. 'சரித்திரம் எங்கள் பக்கம்' என்ற முன் வாக்கியம்தான் இதற்குப் பொருள் சொல்வது. அதை வெட்டி எறிந்துவிட்டு வாலை மட்டும் தலைப்பாக்கி விற்றார்களே, அவர்களை யாரும் கேட்கவில்லை. பேசின குருஷ்சேவையும் கேட்கவில்லை. நடுவில் நின்ற பிள்ளையாண்டான்தான் அகப்பட்டான்.

கதை படிக்கிற உங்களிடம் இதை ஏன் சொல்கிறேன்? டால்ஸ்டாயும் கார்க்கியும் நம்மில் பலருக்கு இங்கிலீஷ் வழியாகவே வந்தவர்கள். "மொழிபெயர்ப்பு என்றே தெரியவில்லை, வழவழவென்று ஓடுகிறது" என்று ஒரு புத்தகத்தை மெச்சுகிறோம். வழவழப்பு நல்லதுதான். ஆனால் முரடன் பேச்சும் அதில் வழவழவென்று ஓடினால், மொழிபெயர்த்தவர் அவனுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அது அவர் வேலையல்ல. திட்டினவன் திட்டினதாகவே நம் காதில் விழ வேண்டும்.

சோவியத் ராஜ்யம் 1991-ல் கலைந்து போயிற்று. இனிமேலாவது அந்தத் துபாஷியின் மேல் போட்ட பழியை எடுத்துவிடுவோம்.