பால்மரமும் பைபர் கிளாஸும்

சமீபத்தில் ஒரு சிற்ப விருதின் பாராட்டுரையைப் படித்தோம். நாரும் பிசினும் களிமண்ணும் கொண்டு வேலை செய்வதால் விருதாளர் 'செயற்கையின் கறை படியாதவர்' ஆகிவிட்டார். இன்னோர் இதழ் அதை வழிமொழிந்து, இயற்கைப் பொருளுக்கு உயிர் உண்டு, ரெசினுக்குக் கிடையாது என்று ஒரு பக்கம் உபதேசித்திருக்கிறது. விருதாளர் நல்ல சிற்பி. அவரோடு நமக்கு வழக்கில்லை. நடுவர்கள் சிற்பி ஏவா ஹெஸ்ஸேயின் ஒரு வேலையையாவது பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்திருக்கலாம்.

1969இல் ஹெஸ்ஸே முடித்த 'கண்டின்ஜென்ட்' இப்போது கான்பெராவில் இருக்கிறது. மேலிருந்து தொங்கும் எட்டுத் தகடுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் சல்லாத் துணியில் பூசிய ரப்பர் பால். மேலும் கீழும் பைபர் கிளாஸ். இத்தனை ஆண்டுகளில் பைபர் கிளாஸ் மஞ்சள் தட்டியதோடு சரி. கறுத்து விறைத்துப்போனது மரத்தின் பால்தான். கூகன்ஹைம் அருங்காட்சியகத்திலுள்ள 'எக்ஸ்பாண்டட் எக்ஸ்பான்ஷன்' கதையும் இதே. கிட்டத்தட்ட 35 ஆண்டுகள் பார்வைக்கு வராமல் கிடந்து, செப்பனிடப்பட்டு, 2022இல்தான் வெளியே வந்தது. ரப்பர் நிலைக்காது என்பது ஹெஸ்ஸேக்குத் தெரியும். தெரிந்தேதான் பூசினார். (1970இல், 34 வயதில், மூளைக் கட்டியால் இறந்தார். அந்த மரணத்தை ரப்பரோடு முடிச்சுப் போட்டு உருகுகிறவர்கள் தனி ரகம். அவர்களைப் பிறகு கவனிப்போம்.)

உயிருள்ளது சாகும், அதுதானே எங்கள் கட்சி என்பார்கள் நடுவர்கள். சரி, அந்த உயிரைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். வெட்டிய பால் சில மணி நேரத்தில் தானாக உறைந்துவிடும். திரவமாகவே கப்பலேற வேண்டுமென்றால் அம்மோனியா கலந்தாக வேண்டும். நியூயார்க் கடையில் 'இயற்கை'யாக விலைபோகும் முன்பே அது வேதியியல் படித்து முடித்துவிட்டது. மரமாவது மண்ணின் மைந்தனா? 1876இல் பிரேசிலிலிருந்து விதையாகக் கிளம்பி, லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, பேரரசின் செலவில் கிழக்கே வந்தது. அறுபதுகளில் உலகிலேயே அதிகமாக ரப்பர் விளைந்த நாடு மலேசியா. அங்கே விடியுமுன் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் போனவர்களில் எத்தனையோ பேர் நம் ஆட்கள். பாலுக்கு உயிர் இருப்பதைக் கண்டுபிடித்தவர்களின் கண்ணுக்கு வெட்டியவரின் உயிர் மட்டும் தட்டுப்படவில்லை.

ஆர்ட்டே போவெரா என்ற இத்தாலியக் கலை இயக்கத்தின் மீது நமக்கு ஒரு காலத்தில் இருந்த கிறுக்கு நினைவுக்கு வருகிறது. அந்த இயக்கத்தின் ஜொவான்னி அன்செல்மோ 1968இல் இரண்டு கருங்கற்களுக்கு நடுவே ஒரு லெட்யூஸை வைத்துச் செப்புக் கம்பியால் கட்டினார். கீரை வாடினால் பிடி தளர்ந்து சின்னக் கல் விழுந்துவிடும். வாடுமுன் யாராவது புதிதாகச் செருக வேண்டும். கல்லுக்கு உயிர் உண்டா, கீரைக்கு உண்டா என்ற தகராறே அங்கு எழவில்லை. ஒன்று இன்னொன்றை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதே சிற்பம். ஹெஸ்ஸேயிடமும் கண் போக வேண்டிய இடம், ரப்பரும் பைபர் கிளாஸும் சந்திக்கும் அந்த விளிம்பு.

நடுவர்களைச் சொல்லி என்ன? நம் இலக்கிய மதிப்புரைகளே அந்தப் பாராட்டுரைக்கு அண்ணன்கள். வட்டார வழக்கில் நாலு வரி இருந்தால் 'மண்ணின் ஈரம்'. நாயகன் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தால் 'வேரற்ற எழுத்து'. வாக்கியம் நிற்கிறதா என்று யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. அடுத்த இதழுக்கு வரும் கட்டுரைகளில் அந்த ஈரம் தென்பட்டால் பத்தியோடு வெட்டிவிடுவோம். வெட்டியதைத் திருப்பியனுப்பக் கட்டுரையாளர்கள் தபால்தலை இணைக்கவும்.