எண்ணைப் பார்க்காதீர்கள், மெஷினைப் பாருங்கள்

பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் மேலூர்ப் பக்கத்து இளைஞர்கள் கிணறு, கண்மாய் எதையும் விடுவதில்லை. அவர்கள் டைவிங் வாட்ச் கேட்பது நியாயம்தான். முகப்பில் அச்சிட்ட ‘200 மீட்டர்’ என்ற எண்ணை மட்டும் நம்பி வாங்குவதுதான் தவறு. டைவிங் வாட்ச்சுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரத்தில் வரும் ஒவ்வொரு வாட்ச்சும், குறிப்பிட்ட ஆழத்தின் அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சோதிக்கப்படுகிறது. வெறும் எண்ணுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. சாவிக் குமிழ் திருகி இறுகுகிறதா, முகப்பு வளையம் ஒரே திசையில் திரும்புகிறதா என்று கையால் பார்த்துவிடுங்கள். அதைவிட முக்கியம் உள்ளே ஓடும் மெஷின். சீக்கோ குழுமத்தின் என்.எச். 35 என்ற ஆட்டோமேட்டிக் மெஷின் பல பிராண்டுகளில் இருக்கிறது; கையிலிருந்து கழற்றி வைத்தாலும் சுமார் 41 மணி நேரம் ஓடும், உதிரிபாகமும் எளிதில் கிடைக்கும்.

பேட்டரி வாட்ச் மலிவு, துல்லியமும் அதிகம் என்பார்கள். உண்மைதான், ஆட்டோமேட்டிக் நாளுக்குச் சில விநாடிகள் முன்பின் ஓடும். ஆனால் சாதாரண பேட்டரி வாட்ச்சை சில ஆண்டுகளுக்கொருமுறை திறந்தாக வேண்டும். ரப்பர் வாஷரைக் கவனிக்காமல் மூடினால் தண்ணீர் உள்ளே போகும். ஆட்டோமேட்டிக்குக்கும் சர்வீஸ் உண்டு. ஆகவே வாங்கும் முன்பே, நீங்கள் பார்த்த மாடலுக்கு வாஷர் மாற்றி அழுத்தச் சோதனை செய்து தர முடியுமா என்று மதுரையில் ஒரு ரிப்பேர்க்காரரிடம் கேளுங்கள். முடியாதென்றால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த மாடல் வேண்டாம்.