பேரீச்சம்பழத்துக்குப் போடும் முன்...

காயலான் கடையில் எடுத்த மதர்போர்டு, நண்பனின் அண்ணன் கழற்றிப் போட்ட ராம், சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய பிராசஸர், யாரோ வேண்டாம் என்று கொடுத்த கேபினட். விடுதி அறையில் நாலு பேர் சேர்ந்து எல்லாவற்றையும் மாட்டி முடித்து, சாமி கும்பிட்டு ஸ்விட்சைத் தட்டினால்... ஒன்றுமே நடக்காது! ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். சில நேரம் ஃபேன் கூடச் சுற்றாது.

அதற்கு அப்புறம் நடப்பது எல்லா விடுதிகளிலும் ஒரே கதைதான். ஒருவன் ராமைப் பிடுங்குவான். இன்னொருவன் பேட்டரியைக் கழற்றுவான். மூன்றாமவன் பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல கணினியிலிருந்து ஒரு கார்டைக் கொண்டுவந்து சொருகுவான். அரை மணி நேரத்தில் எது முதலில் இருந்தது, எது மாறியது என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் "போர்டு போச்சுடா" என்ற தீர்ப்போடு எல்லாம் மறுபடி காயலான் கடைக்கே போய்ச் சேரும்.

அந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் என்ன? பெரும்பாலும் எதுவுமே இல்லை! பழைய பாகங்களில் கட்டிய கணினியை உயிர்ப்பிக்கப் பெரிய மேதைத்தனம் தேவையில்லை. ஒரு வரிசை தேவை. அந்த வரிசையைத்தான் கணினி அறிவியல் படிக்கும் பலருக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

புதிய கணினி வேறு, பொறுக்கிய கணினி வேறு

கடையில் வாங்கிய புதிய பாகங்களைச் சேர்த்து மாட்டி அது ஓடவில்லை என்றால், பெரும்பாலும் கோளாறு ஒன்றுதான் இருக்கும். ஏதோ ஒரு கேபிளை மாட்ட மறந்திருப்பார்கள், அல்லது ஒரே ஒரு பாகம் பழுதாக வந்திருக்கும். அதனால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

பொறுக்கிச் சேர்த்த கணினியில் இந்தக் கணக்கு உதைக்கும். அங்கே எல்லாப் பாகமும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. கோளாறு இரண்டு, மூன்று கூட இருக்கலாம். ராம் கெட்டிருக்கிறது, பிராசஸர் அந்த போர்டுக்குப் பொருந்தாது என்று இரண்டும் சேர்ந்திருந்தால், ராமை மட்டும் மாற்றினாலும் திரை வராது. "அப்போ ராம் நல்லாத்தான் இருக்கு" என்று தவறான முடிவுக்கு வந்து, கெட்ட ராமையே மறுபடி மாட்டி விடுவார்கள். இனி எத்தனை பிராசஸர் மாற்றினாலும் அது ஓடாது!

மாற்றிப் பார்க்கும் முறைக்கு ஒரு அடிப்படை வேண்டும். மாட்டுகிற பாகம் நல்லது என்பது முன்பே உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத ஒன்றை வைத்துத் தெரியாத இன்னொன்றைச் சோதிப்பது, பூட்டும் எது சாவியும் எது என்று தெரியாமல் இருட்டில் திருகுவது மாதிரிதான்.

முதல் சந்தேகம் எப்போதும் எஸ்.எம்.பி.எஸ் மீது

வரிசையில் முதலில் வரவேண்டியது எஸ்.எம்.பி.எஸ். காரணம் எளிது. கெட்டுப் போன ராம் தான் மட்டும் வேலை செய்யாமல் கிடக்கும். கெட்டுப் போன எஸ்.எம்.பி.எஸ் தன்னோடு சேர்ந்தவர்களையும் கொண்டு போய்விடும். பக்கத்து அறையிலிருந்து கடன் வாங்கிய நல்ல போர்டைச் சந்தேகத்துக்குரிய எஸ்.எம்.பி.எஸ்ஸில் மாட்டிப் பார்ப்பது சோதனையே அல்ல. நண்பனை இழக்கும் வழி அது!

சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். மெயின் சப்ளை இருந்தாலே, கணினியை ஆன் செய்யாவிட்டாலும், 24 பின் கனெக்டரில் ஊதா ஒயரில் 5 வோல்ட் வந்தாக வேண்டும். அதுதான் ஸ்டாண்ட்பை மின்சாரம். அது இல்லையென்றால் பவர் பட்டனை ஆயிரம் முறை அமுக்கினாலும் பயனில்லை. பச்சை ஒயரை ஏதாவது ஒரு கறுப்பு ஒயரோடு இணைத்தால் எஸ்.எம்.பி.எஸ் போர்டு இல்லாமலே ஓடத் தொடங்கும். அப்போது மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை இருக்க வேண்டும். ஏ.டி.எக்ஸ் விதி அனுமதிப்பது இந்த 5 சதவீத ஏற்ற இறக்கத்தைத்தான். சில கம்பெனிக் கணினிகளில் கனெக்டரே வேறு மாதிரி இருக்கும், நிறத்தை மட்டும் நம்பி அங்கே கை வைக்கக் கூடாது.

சாம்பல் நிற ஒயரையும் மறக்கக் கூடாது. மற்ற வோல்டேஜ்கள் எல்லாம் நிலைபெற்ற பிறகு "எல்லாம் சரி, ஆரம்பிக்கலாம்" என்று போர்டுக்குச் சொல்லும் சிக்னல் அது. அது வராவிட்டால் பிராசஸர் ரீசெட்டிலேயே நிற்கும். ஃபேன் என்னவோ ஜோராகச் சுற்றும்! ஃபேன் சுற்றினால் எஸ்.எம்.பி.எஸ் நன்றாக இருக்கிறது என்று நினைப்பது எவ்வளவு தவறு என்று இதிலிருந்தே தெரியும். மல்டிமீட்டர் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. சுமை இல்லாதபோது சரியாகக் காட்டும் எஸ்.எம்.பி.எஸ், சுமை ஏறியதும் படுத்துவிடலாம். எனவே தேறாதது உறுதியாகக் கெட்டது, தேறியது மட்டும் இன்னும் கொஞ்சம் சந்தேகத்தோடு வைத்துக்கொள்ள வேண்டியது.

ஒரு எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. 230 வோல்ட் ஏ.சி உள்ளே டி.சி ஆகும்போது சுமார் 325 வோல்ட் ஆகிறது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கலாம். ஆர்வக் கோளாறில் உயிரைப் பணயம் வைக்கும் அளவுக்கு எந்த எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கும் மதிப்பில்லை.

கண்ணால் பார்ப்பதும் சோதனைதான்

அடுத்து மதர்போர்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிராசஸர் சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் உருளை கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா? உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ அந்த போர்டை ஒதுக்கி விடலாம். 2000-களின் முதல் பாதியில் தயாரான பல போர்டுகளில் மோசமான எலக்ட்ரோலைட் உள்ள கெப்பாசிட்டர்கள் இருந்தன. பெரிய நிறுவனங்கள் கூடத் தப்பவில்லை. இதற்காக டெல் நிறுவனம் 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது.

2004-ல் வந்த எல்.ஜி.ஏ 775 முதல் இன்டெல் போர்டுகளில் பின்கள் சாக்கெட்டிலேயே இருக்கின்றன. காயலான் கடைக் குவியலில் மூடியில்லாமல் புரண்ட போர்டில் அந்தப் பின்களில் சில வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். வாங்கும்போதே செல்போன் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

சாகாத கணினிகள்

இன்னொரு ரகம் உண்டு. எந்தப் பாகமும் கெடவில்லை, ஆனால் கணினி ஓடாது. இங்கேதான் நல்ல பொருட்கள் அநியாயமாகக் குப்பைக்குப் போகின்றன.

சாக்கெட்டில் உட்கார்ந்துவிட்டது என்பதற்காகப் பிராசஸர் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. எல்.ஜி.ஏ 775-ல் பென்டியம் 4-ம் உட்காரும், 2006-ல் வந்த கோர் 2 டியோவும் உட்காரும். ஆனால் பென்டியம் 4 காலத்துப் பல போர்டுகளுக்குக் கோர் 2 டியோ யாரென்றே தெரியாது. எல்.ஜி.ஏ 1155-ல் 2011-ன் இரண்டாம் தலைமுறைக்காக வந்த போர்டு, 2012-ன் மூன்றாம் தலைமுறைச் சிப்பை ஏற்கப் பயாஸ் அப்டேட் கேட்கலாம். அந்த அப்டேட்டைச் செய்யவே பழைய சிப் ஒன்று தேவைப்படும்!

ராமிலும் இதே கதை. சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ராம் மலிவாகக் கிடைக்கும். பள்ளம் பொருந்தும், கிளிப் மாட்டும், ஆனால் சாதாரண டெஸ்க்டாப் போர்டு அதைக் கொண்டு எழாது. பல ஜியான் சிப்களுக்குள் கிராபிக்ஸ் கிடையாது. போர்டின் பின்னால் உள்ள வி.ஜி.ஏவில் மானிட்டரை மாட்டிவிட்டு, உள்ளே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைச் "செத்துப் போச்சு" என்று சொன்னவர்கள் உண்டு.

கேபினட் கூடக் குற்றவாளியாகலாம். பழைய கேபினட்டில் தேவையில்லாத இடத்தில் நிற்கும் ஒரு பித்தளை ஸ்டாண்ட், போர்டின் அடியில் பட்டு ஷார்ட் செய்யும். அமுங்கியே நிற்கும் பவர் பட்டன், ஆன் ஆன நாலைந்து விநாடியில் கணினியை அணைத்துவிடும். சாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் 4 அல்லது 8 பின் பவர் கேபிளை மாட்ட மறந்தால் எல்லாம் சுற்றும், பிராசஸர் மட்டும் பட்டினி கிடக்கும்.

அதனால் அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் சந்தேகமான போர்டைக் கேபினட்டில் பூட்டுவதே இல்லை. வெறும் அட்டைப்பெட்டி மேல் வைத்து, பிராசஸர், அதன் ஃபேன், எஸ்.எம்.பி.எஸ், ஒரு சின்ன ஸ்பீக்கர், இவ்வளவு மட்டும் மாட்டுவார்கள். ராம் கூடக் கிடையாது. பவர் பட்டனுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூட்ரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் போதும். ராம் இல்லையென்று போர்டு பீப் அடித்துப் புலம்பினால், அது பெரிய நல்ல செய்தி! பயாஸ் படிக்கப்படுகிறது, பிராசஸர் ஓடுகிறது என்று ஒரே சத்தத்தில் தெரிந்துவிட்டது. பிறகு ஒரே ஒரு ராம். முனையை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு மாட்டலாம். பீப் மாறினால் அடுத்தது கிராபிக்ஸ். ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு மாற்றம், அதற்குத் துண்டுத் தாளில் ஒரு வரி. அவ்வளவுதான் மந்திரம்.

வள்ளுவர் "மருந்து" அதிகாரத்தில் மருத்துவனுக்குச் சொன்ன வரிசையும் இதுவேதான். முதலில் நோய், பிறகு நோயின் காரணம், அதற்கும் பிறகுதான் வைத்தியம். விடுதி அறைகளில் வைத்தியம் முதலில் வந்துவிடுகிறது!

"இவ்வளவு பாடு எதுக்கு?"

நியாயமான கேள்விதான். பென்டியம் 4 கணினியைத் தினசரி உபயோகத்துக்கு உயிர்ப்பிப்பது வீண் வேலை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிரெஸ்காட் வகைச் சிப்களில் சில 115 வாட் வரை வெப்பம் கக்கின. 2023-ல் வந்த இன்டெல் என்100 சிப்புக்கு 6 வாட் கணக்கு, வேகமும் பல மடங்கு. கரண்ட் பில்லே கணக்கைத் தீர்த்துவிடும். அதேபோல் பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தேடிப் பிடித்துக் காசை மிச்சம் பிடிப்பதும் புத்திசாலித்தனம் அல்ல. பொறுக்கிய கணினியில் புதிதாக வாங்க வேண்டிய ஒரு பொருள் உண்டென்றால் அது இதுதான்.

ஆனால் 2011-க்குப் பிறகு வந்த கணினிகளின் நிலை வேறு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம் 2.0 இல்லை, சிப் தலைமுறை பழசு என்ற காரணங்களால், நன்றாக ஓடும் எத்தனையோ அலுவலகக் கணினிகள் கழிக்கப்படுகின்றன. லினக்ஸ் மின்ட் போட்டால் 4 ஜி.பி ராமில் அவை புரோகிராமிங் பழகத் தாராளமாகப் போதும். வீட்டில் கணினி வாங்க முடியாத ஒரு முதலாமாண்டு மாணவனுக்கோ மாணவிக்கோ, இந்தப் பெட்டி ஓடுவதும் ஓடாததும் சின்ன விஷயம் அல்ல. லேப் நேரம் முடிந்த பிறகும் பழக ஒரு கணினி இருக்கிறதா இல்லையா என்பதில் அவர்களுடைய படிப்பே மாறிவிடும்.

ஓடாத பெட்டி எங்கே போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கைப்படி, 2022-ல் உலகம் உண்டாக்கிய மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. இந்தியாவில் மின்கழிவுக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. ஆனாலும் தெருவில் போடப்படும் போர்டு முறையான ஆலைக்குத்தான் போகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. செம்புக்காக ஒயரை எரிக்கும் புகையை வெறும் முகத்தோடு சுவாசிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சரியாகச் சோதிக்காமல் "போச்சு" என்று சொல்லும் ஒவ்வொரு தீர்ப்பும் அந்த நெருப்புக்கு ஒரு விறகு.

கல்லூரிகள் செய்யக்கூடியது

ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் பூட் ஆகும் வரிசையைப் பத்து மார்க் கேள்வியாக எழுதித் தேறுகிற மாணவர்களில், பூட் ஆகாத ஒரு கணினியின் முன் உட்கார வைத்தால் எத்தனை பேர் முதல் கேள்வியைச் சரியாகக் கேட்பார்கள்? ஒவ்வொரு கல்லூரியிலும் கழித்துக் கட்டிய கணினிகள் ஏதோ ஒரு பூட்டிய அறையில் தூசி தின்று கொண்டிருக்கின்றன. ஒரு செமஸ்டரில் நாலே நாலு மதியங்கள், பத்துப் பேருக்கு ஒரு மல்டிமீட்டர், மேற்பார்வைக்கு ஒரு லேப் டெக்னீஷியன். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. மார்க்கை ஓடிய கணினிக்குக் கொடுக்காமல், எழுதி வைத்த துண்டுத் தாளுக்குக் கொடுக்க வேண்டும். எதைச் சந்தேகித்தார்கள், எப்படிச் சோதித்தார்கள், எதனால் விட்டுவிட்டார்கள் என்பதுதான் பாடம். புரோகிராமில் பிழை தேடும்போதும், நாளை வேலையில் ஒரு சர்வர் நள்ளிரவில் படுத்துவிடும்போதும் கைகொடுக்கப் போவது அதே பழக்கம்தான்.

எல்லாம் சோதித்த பிறகும் சில போர்டுகள் எழாது. அது சகஜம். அப்போது அதிலிருக்கும் நல்ல ராமையும் ஹீட்சிங்கையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஹார்ட் டிஸ்கில் பழைய சொந்தக்காரரின் கோப்புகள் இருந்தால் அழித்துவிட்டு, மிச்சத்தை முறையான மின்கழிவு மையத்தில் கொடுக்கலாம். காரணம் தெரிந்து கைவிடுவதில் தவறே இல்லை. காரணம் தெரியாமல் பேரீச்சம்பழத்துக்குப் போடுவதுதான் தவறு.