வாசகர் வட்டத்தில் ஓர் இடம்



திண்டிவனத்தில் பல்லாண்டு பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற தாயார் ஒருவர் இருக்கிறார். ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிப்பவர் பெரும்பாலும் அவரே. சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று, தொண்டை சரியில்லை என்று விலகிக்கொண்டார். அடுத்த வாரமும் அதே காரணத்தைச் சொன்னார். மூன்றாம் முறை, “கடைசி நேரத்தில் சொன்னால் நான் யாரைத் தேடுவது, டீச்சர்?” என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை.

மறுநாள் அவருடைய மகன் வந்து உண்மையைச் சொன்னார். விழித்திரை நலிந்துவிட்டது, கண்ணாடியாலும் அறுவையாலும் இனிப் பயனில்லை என மருத்துவர் கூறிவிட்டாராம். என் சொல் என்னையே சுட்டது.

மன்னிப்புக் கேட்க அவர் இல்லம் சென்றேன். அதைப் பற்றி அவர் பேசவே விடவில்லை. “நூலக வாசகர் வட்டத்துக்கும் இனிப் போகப்போவதில்லை, சாமி. படிக்காமல் போய் உட்கார்ந்து என்ன பேசுவது?” என்றார். பார்வை போனதைவிட, பேச்சுத் துணை போனதே அவரை வாட்டியது என்பதை அன்று உணர்ந்தேன்.

நம் மாநிலத்துப் பொது நூலகங்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடைபெறுபவை. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் சீ. இரா. அரங்கநாதனின் முயற்சியால் உருவான அச்சட்டமே இந்திய மாநிலங்களில் முதலாவது பொது நூலகச் சட்டம். நாம் செலுத்தும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. வரி கொடுப்போரில் பார்வையுள்ளோர், இல்லாதோர் என்ற வேறுபாடு இல்லை. நூலின் பயன் மட்டும் ஒரு சாராரோடு நின்றுவிடலாமா?

நின்றுவிட வேண்டியதில்லை. லூயி பிரெயில் என்ற பிரெஞ்சு இளைஞர், மூன்றாம் வயதில் கண்ணில் காயமுற்றுப் பார்வை இழந்தவர். தம் பதினைந்தாம் வயதில், 1824இல், ஆறு புள்ளிகளால் எழுத்துமுறை ஒன்றை வகுத்தார். பின்னாளில் பாரிஸ் நகர ஆலயங்களில் ஆர்கன் இசைத்தவரும் அவரே. சென்னையில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் நூல்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. ஆயினும் முதுமையில் பார்வை குன்றியோர் விரலால் படிக்கப் பழகுவது எளிதன்று. அவர்களுக்குச் செவியே வழி.

இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின்படி, அச்சு நூலைப் படிக்க இயலாதவருக்காக அதனை ஒலிவடிவிலோ வேறு ஏற்ற வடிவிலோ ஆக்கித் தருவது, இலாப நோக்கமின்றிச் செய்யப்படுமாயின், குற்றமாகாது. பாட்டிக்காகப் பேரன் ஒரு நூலை வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்து தரலாம். இத்தகைய நூல்கள் நாடு விட்டு நாடு செல்ல வழிவகுத்த மராகேஷ் உடன்படிக்கை 2013இல் நிறைவேறியது. 2014இல் அதனை முதலாவதாக ஏற்று உறுதி செய்த நாடு இந்தியாவே. 2016இல் மத்திய அரசு ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்னும் இணையவழி நூலகத்தைத் தொடங்கியது. அச்செழுத்தைப் படிக்க இயலாதோர் அதில் உறுப்பினராகலாம்.

இவற்றையெல்லாம் விசாரித்தறிந்தபின், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள வாசகர்கள் சிலரைக் கேட்டேன். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். மாலையில் பேருந்தேறிச் சென்று திரும்புவது முதியோருக்கு இயலாது. ஆகவே மாதம் இரு முறை, ஞாயிறு மாலை, கைப்பேசியில் குழுவாகப் பேசுவது என முடிவாயிற்று.

முதல் நூலாகப் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தேர்ந்தோம். 1879இல் வெளிவந்த தமிழின் முதல் நாவல் அது. ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம் திருச்சபையைச் சார்ந்தவர். ஆனால் நாங்கள் அதைத் தேர்ந்ததற்குக் காரணம் வேறு. அச்சுப்படி கடையில் கிடைக்கிறது. மதுரைத் திட்டத்தார் மின்னூலாகவும் இலவசமாய் வழங்குகின்றனர். அந்த எழுத்தைக் கைப்பேசியே உரக்கப் படித்துக் காட்டும். நூலைத் தேர்ந்தபின் பார்வையற்றவருக்கு என்ன செய்வது என்று யோசிப்பது முறையன்று. அவருக்கும் கிடைக்குமா என்று பார்த்த பின்னரே நூலைத் தேர வேண்டும். நாங்கள் கற்ற முதல் பாடம் இது.

இரண்டாம் பாடத்தை முதற்கூட்டத்திலேயே கற்றோம். எல்லோரும் ஒருசேரப் பேசியதால் எதுவும் விளங்கவில்லை. முகம் தெரியாத சபையில் யார் பேசுகிறார் என்பதே தெரியவில்லை. அன்றுமுதல் பேசுமுன் பெயர் சொல்வது, ஒருவர் முடித்தபின் மற்றவர் தொடங்குவது, ஒரு மணி நேரத்தில் முடிப்பது என விதிகள் செய்துகொண்டோம். முகம் காணாத கூட்டத்தில் பார்வையுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே நிலைதான் என்பதையும் அப்போது கண்டோம்.

டீச்சர் முதல் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. இரண்டாம் கூட்டத்தில் ஒருவர், ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு அரசாள்வது நம்பத்தக்கதா என்று கேட்டார். “உங்கள் வீட்டில் கணக்கு வழக்கு பார்ப்பது யார் ஐயா? அவர் வேடம் போடவில்லை, அவ்வளவுதான்!” என்ற குரல் எழுந்தது. பெயர் சொல்ல மறந்துவிட்டார். எனினும் குரலால் எல்லோரும் அறிந்துகொண்டனர். சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

உங்கள் இல்லத்திலும் செய்தித்தாளை எடுத்துச் சற்றுப் பார்த்துவிட்டு மடித்து வைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கலாம். விருப்பமின்மை என்று எண்ணிவிடாதீர்கள். நான் செய்த தவற்றைச் செய்யாதீர்கள். முதலில் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குணமாகாதெனில், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவிகளைக் கேட்டறியுங்கள். நாளும் கால் மணி நேரம் ஒரு நூலை வாசித்துக் காட்டுங்கள். வாசித்தபின் எழுந்து போய்விடாமல், “என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள்.

டீச்சர் வாசகமேடைக்குத் திரும்பவில்லை. ஆனால் சனிக்கிழமை மாலைதோறும், மறுநாள் வாசிக்கவிருக்கும் இளைஞர் அவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுகிறார். றகரமும் ரகரமும் திருந்தும்வரை அவர் விடுவதில்லை.

உங்கள் அன்புள்ள,
பங்குத் தந்தை