ஊர்த் தண்ணீர்த் தொட்டியும் ஒரு வைத்தியர்தான்!

நரம்புச் சிலந்தி என்றால் என்னவென்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். எழுபது வயது தாண்டியவர்களில் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். பேரப்பிள்ளைகளோ, “அப்படின்னா என்ன தாத்தா?” என்பார்கள்.

காலில் கொப்புளம் வெடித்து, அதிலிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலைகாட்டும். சில புழுக்கள் ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். வேகமாக இழுத்தால் அறுந்து சீழ் பிடித்துவிடும். அதனால் ஒரு சின்னக் குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுப்பார்கள். முடிய வாரக்கணக்கில் ஆகும். சித்த மருத்துவம் படித்த எனக்கு இந்த நோய் பாடத்தில் உண்டு. ஆனால் இத்தனை வருட வைத்தியத்தில் ஒரு நோயாளியைக்கூட நான் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கப் போவதும் இல்லை.

இந்த நோயை ஒழித்தது யார்? சித்த வைத்தியமா, இங்கிலீஷ் வைத்தியமா? இரண்டும் இல்லை! இதற்குத் தடுப்பூசி கிடையாது, புழுவைக் கொல்லும் மாத்திரையும் கிடையாது. படிக்கட்டுக் கிணற்றிலும் ஊருணியிலும் இறங்கித் தண்ணீர் எடுப்பவர் காலிலுள்ள புண்ணிலிருந்து புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும். அவற்றைச் சின்ன நீர்ப்பூச்சிகள் விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் கொப்புளம் வரும்.

கிணற்றில் இறங்காமல் தண்ணீர் எடுக்க வழி செய்தார்கள். அடிபம்பு போட்டார்கள். துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னார்கள். தமிழ்நாடு 1980களின் முற்பகுதியிலேயே விடுபட்டது. 1984ல் நாடு முழுவதும் சுமார் 40 ஆயிரம் பேருக்கு இருந்த நோய், 1996ல் ராஜஸ்தானில் கடைசி நோயாளியோடு முடிந்தது. 2000ஆம் வருடம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றிதழே கொடுத்துவிட்டது.

ஒரே ஆறு, இரண்டு ஊர்

இதைவிட ஆச்சரியமான கதை ஒன்று உண்டு. ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் ஹாம்பர்க், அல்டோனா என்று இரண்டு ஊர்கள் ஒட்டியே இருந்தன. இரண்டுக்கும் அதே ஆற்றுத் தண்ணீர்தான். 1892ல் காலரா வந்தது. ஆற்று நீரை அப்படியே குழாயில் விட்ட ஹாம்பர்க்கில் எட்டாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த நீரையே எடுத்தாலும், அதை மணலில் வடிகட்டிக் கொடுத்தது அல்டோனா. அங்கே பாதிப்பு மிகக் குறைவு. எல்லைத் தெருவில் ஒரு பக்கம் சாவு, எதிர்ப் பக்கம் நிம்மதி. நடுவில் நின்றது வெறும் மணல்!

நம் சென்னையிலும் 1872ல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் வடிகட்டாமல்தான் வந்தது. 1914ல்தான் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் செயல்படத் தொடங்கின. அதற்குக் காரணமான பொறியாளர் மேட்லியின் பெயரை தி.நகர் மேட்லி சாலையில் தினமும் உச்சரிக்கிறோம். அவர் என்ன செய்தார் என்பதுதான் மறந்துபோச்சு.

1971ல் குடிநீர் வடிகால் வாரியம் வந்தது. எழுபதுகளின் கடைசியில் இந்தியா மார்க் 2 அடிபம்பு கிராமம் கிராமமாக வந்தது. எங்கள் பக்கத்து ராஜபாளையத்துக்கு மலையடிவாரத்து ஆறாவது மைல் நீர்த்தேக்கம் தண்ணீர் தருகிறது. இவையெல்லாம் என்னைக் கேட்டால் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குச் சமம்.

கேன் வந்தது, கவனம் போனது

இன்றைக்கு என்ன நடக்கிறது? வசதியுள்ளவர்கள் கேன் தண்ணீருக்கு மாறிவிட்டோம். ஊர்த் தண்ணீர் பாத்திரம் கழுவத்தான் என்று ஒதுக்கிவிட்டோம். குடிக்காத தண்ணீரைப் பற்றி யார் கேள்வி கேட்பார்கள்? மேல்நிலைத் தொட்டியைக் கழுவினார்களா என்று பார்க்க ஆளில்லை. ஆனால் கேன் வாங்க முடியாத வீட்டுக் குழந்தை அதைத்தான் குடிக்கிறது. டீக்கடை டம்ளரும் ஓட்டல் தட்டும் அதில்தான் கழுவப்படுகின்றன. ஆக, நமக்கும் தப்பிக்க வழியில்லை.

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா வந்ததை மறந்துவிடாதீர்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்ததுதான் வினையானது. சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊர்களில் மீதி நேரம் குழாய் காலியாக இருக்கும். அப்போது உடைப்பு இருக்கும் இடத்தில் பக்கத்துச் சாக்கடை உள்ளே புகும். போதாக்குறைக்கு நாம் வேறு குழாயில் நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறோம். நம் வீட்டு மோட்டார் தெருவுக்கே சாக்கடையை இழுத்துக் கொடுக்கிறது என்பதை நினைத்துப் பார்க்கிறோமா?

“சித்த வைத்தியர் குளோரினுக்கு வக்காலத்து வாங்கலாமா?” என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம்! தேற்றான் கொட்டையை உரைத்துப் போட்டால் கலங்கல் தெளியும். நம் முன்னோர் கண்ட அருமையான வழி. ஆனால் தெளிந்த தண்ணீரெல்லாம் கிருமியற்ற தண்ணீர் ஆகிவிடாது. வீட்டில் சீரகம் போட்டு நன்றாகக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஊர் முழுமைக்கும் அடுப்பு வைக்க முடியுமா? அந்த வேலையைக் குளோரின் செய்கிறது. வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. லேசாக அந்த வாசனை வந்தால் முகம் சுளிக்காதீர்கள். யாரோ வேலை பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

நாம் செய்ய வேண்டியது

தாய்மார்களுக்கும் இளைஞர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்.

உங்கள் தெருத் தொட்டியில் சுத்தம் செய்த தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லையென்றால் கேளுங்கள். கிராமமானால் கிராம சபையில் கேளுங்கள், பேரூராட்சியானால் வார்டு உறுப்பினரைக் கேளுங்கள். நேரடி மோட்டாரைக் கழற்றுங்கள். குழாய்த் தண்ணீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ வந்தால் அன்றே புகார் கொடுங்கள். உடைப்பைச் சரிசெய்யும் வரை கொதிக்க வைத்தே குடியுங்கள். தெருவில் நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு என்றால் கஷாயம் மட்டும் குடித்துவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், அங்கே தகவலும் சொல்லுங்கள்.

2019ல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தால் வீடு வீடாகக் குழாய் வந்துகொண்டிருக்கிறது. நல்ல விஷயம். குழாய் பதிக்கிற அன்று பூஜை போட்டு, இனிப்பு கொடுக்கிறோம். அதே அக்கறையோடு மாதம் ஒருமுறையாவது நாலு பேர் சேர்ந்து அந்தத் தொட்டியடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் ஊர்க்காரர்கள் என்னைப் போன்ற வைத்தியர்களைத் தேடி வருவது அப்போது தானாகக் குறையும். எனக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது!